அகலிகை கதையை எப்படி வாசிப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சமூகம் போற்றும் ஒரு விழுமியத்தை இலக்கியம் எப்படி உரசிப் பார்க்கிறது என்பதைத் தமிழில் கண்ணெதிரே காட்டக்கூடிய கதைகளில் அகலிகை கதை முதன்மையானது. பரிபாடலில் தொடங்கி, கம்பன் வழியாக, புதுமைப்பித்தன் வரை அது திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருக்கிறது. தனியாகப் படிப்பவர்கள், வாசகர் வட்டம் நடத்துபவர்கள், கட்டுரை எழுதும் மாணவர்கள் ஆகியோருக்கு இந்தப் பக்கம்.

கதை தெரியாதவர்களுக்கு: சுருக்கமாக என்ன நடக்கிறது?

கௌதம முனிவரின் மனைவி அகலிகை. அவள்மீது ஆசைப்பட்ட இந்திரன், முனிவர் இல்லாத வேளையில் அவர் உருவத்தில் வந்து அவளைக் கூடுகிறான். முனிவர் திரும்பி வந்து இருவரையும் சபிக்கிறார். நெடுங்காலம் கழித்து இராமன் அந்த வழியாக வர, அவள் சாபம் நீங்குகிறது. முனிவரோடு மீண்டும் சேர்கிறாள்.

பெரும்பாலான பாடங்களுக்கு (கதை வடிவங்களுக்கு) பொதுவான எலும்புக்கூடு இவ்வளவுதான். அவளுக்குத் தெரிந்ததா, எப்போது தெரிந்தது, சாபம் என்ன, மன்னித்தது யார், அதன்பின் அவள் எப்படி வாழ்ந்தாள் என்பவற்றை ஒவ்வொருவரும் வேறு வேறு விதமாகச் சொல்கிறார்கள்.

இத்தனை கதைகள் இருக்க இதை ஏன் எடுக்க வேண்டும்?

ஒரு விழுமியம் கேள்விக்கு உள்ளாவதைப் பார்க்க, அது மாறாமல் நிற்க, அதைச் சுற்றியுள்ள சூழல் மட்டும் மாற வேண்டும். இங்கே விழுமியம் கற்பு. ஆட்களும் அவர்களே. மாறுவது ஒன்றிரண்டு விவரங்கள்தான். ஒரு விவரம் மாறியதும் குற்றம் யாருடையது என்பதே புரண்டுவிடுகிறது. வேறு வேறு கதைகளை ஒப்பிட்டால் இந்தத் துல்லியம் கிடைக்காது.

இன்னொரு காரணமும் உண்டு. முன்னவர் விட்டுவிட்டுப் போன கேள்வியைப் பின்னவர் எடுத்துக்கொள்கிறார். அந்தத் தொடர்ச்சியைப் பார்க்காமல் புதுமைப்பித்தனை மட்டும் படித்தால் பாதிக் கதை கைநழுவிவிடும்.

எவற்றைப் படிக்க வேண்டும்? எந்த வரிசையில்?

குறைந்தது நான்கு. வால்மீகி ராமாயணத்தின் பாலகாண்டத்தில் 48, 49ஆம் சருக்கங்கள் (தமிழ் மொழிபெயர்ப்பே போதும்). கம்பராமாயணத்தின் பாலகாண்டத்தில் அகலிகைப் படலம். புதுமைப்பித்தனின் இரண்டு சிறுகதைகள்: 'மணிக்கொடி'யில் 1934இல் வந்த 'அகல்யை', 'கலைமகள்' இதழில் 1943இல் வந்த 'சாப விமோசனம்'.

இதே வரிசையில் படியுங்கள். 'சாப விமோசன'த்தை முதலில் படித்துவிட்டால் கம்பனை அதன் கண்ணாடி வழியாகத்தான் பார்ப்பீர்கள்; கம்பன் செய்திருப்பது கண்ணில் படாது. கடைசிக் கதைக்கு முன்னால் யுத்த காண்டத்தில் சீதை தீக்குளிக்கும் பகுதியையும் (கம்பனில் மீட்சிப் படலம்) ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. காரணம் கீழே வரும்.

வால்மீகியில் அகலிகைக்கு உண்மை தெரியுமா?

பாலகாண்டத்தில் தெரியும். முனிவேடத்தில் வந்திருப்பவன் இந்திரன் என்று அறிந்தே, தேவர்கோன் என்ற ஆவலால் இசைந்தாள் என்கிறது அந்தச் சுலோகம். உத்தர காண்டத்திலோ அவளே, அறியாமல் நேர்ந்தது என்று முறையிடுகிறாள். ஒரே நூலுக்குள் இரண்டு குரல்.

பலர் கவனிக்காத இரண்டு விவரங்கள் உண்டு. பாலகாண்டத்தில் அவள் கல்லாவதில்லை. காற்றையே உணவாகக் கொண்டு, சாம்பலில் கிடந்து, எவர் கண்ணுக்கும் தெரியாமல் தவம் இருக்க வேண்டும் என்பதே சாபம். இராமனும் இலக்குவனும் வந்ததும் அவள் காலைத் தொட்டு வணங்குகிறார்கள். கம்பனில் இது தலைகீழாகிறது. அங்கே இராமனின் கால் தூசி அவள்மேல் படுகிறது.

அப்படியானால் கல் என்பது கம்பனின் கற்பனையா?

இல்லை. கம்பனுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே தமிழில் அது இருக்கிறது. பரிபாடல் 19ஆம் பாடலில் (நப்பண்ணனார் பாடியது) திருப்பரங்குன்றத்துக்கு வந்தவர்கள் அங்குள்ள ஓவியங்களைப் பார்த்து ஒருவருக்கொருவர் விளக்கிச் சொல்கிறார்கள்: "இந்திரன் பூசை; இவள் அகலிகை; இவன் சென்ற கவுதமன்; சினன் உறக் கல் உரு ஒன்றிய படி இது." பூசை என்றால் பூனை. முனிவருக்குப் பயந்து பூனையாக ஓடும் இந்திரனும் கல்லாகும் அகலிகையும் மலைக்கோயில் சுவரில் வரையப்பட்டு, போகிறவர் வருகிறவர் பேசிக்கொள்ளும் அளவுக்குப் பழகிப்போன கதையாக இருந்திருக்கிறது.

கம்பன் என்னதான் மாற்றினார்?

படலம் முழுவதையும் படிக்க நேரம் இல்லாவிட்டாலும் இரண்டு இடங்களை மட்டும் பென்சிலால் அடிக்கோடிட்டு அருகருகே வைத்துப் பாருங்கள்.

முதல் இடம், இந்திரன் உள்ளே நுழைந்த பின்: "உணர்ந்தனள், உணர்ந்த பின்னும் தக்கது அன்று என்ன ஓராள், தாழ்ந்தனள்." தொடக்கத்தில் அவளுக்குத் தெரியவில்லை. நடுவே தெரிந்துவிட்டது. தெரிந்த பின்னும், இது தகாது என்று அவள் எண்ணவில்லை.

இரண்டாம் இடம், கல் மீண்டும் பெண்ணான பிறகு விசுவாமித்திரர் கௌதமரிடம் சொல்வது: "நெஞ்சினால் பிழைப்பு இலாளை நீ அழைத்திடுக." மனத்தால் தவறு செய்யாதவள், ஏற்றுக்கொள் என்கிறார்.

இந்த இரண்டும் எப்படிப் பொருந்தும்? உணர்ந்த பின்னும் விலகாதவளை நெஞ்சால் பிழை இல்லாதவள் என்று எப்படிச் சொல்வது? அவள் நெஞ்சத்தோடு நாடிப் போகவில்லை, சூழ்ச்சியில் சிக்கினாள் என்று சமாதானம் சொல்லலாம். நெடுநாள் தண்டனையில் பிழை கரைந்துவிட்டது என்றும் சொல்லலாம். எதைச் சொன்னாலும் கொஞ்சம் துருத்திக்கொண்டுதான் நிற்கும். அது கம்பன் கை தவறிய இடம் என்று தோன்றவில்லை. சொல்லை அவ்வளவு எண்ணி வைக்கும் கவி "உணர்ந்தனள்" என்று ஒருமுறை சொன்னதோடு நிறுத்தாமல் "உணர்ந்த பின்னும்" என்று இரண்டாம் முறையும் அழுத்துகிறார். மனித மனம் அறியாமையிலிருந்து அறிவுக்கு வந்த அந்த ஒரு கணத்தில் உடலை உடனே திருப்ப முடியாமல் போவதை அவர் பார்த்திருக்கிறார். பார்த்த பிறகும் மன்னிப்பை எழுதியிருக்கிறார். குற்றமே செய்யாதவளை ஏற்பது பெரிய காரியமே இல்லை.

இதோடு கௌதமர் சபிக்கும் சொல்லையும் வைத்துப் பாருங்கள். "விலைமகள் அனைய நீயும் கல் இயல் ஆதி" என்கிறார். அவள் கெஞ்சும்போது எடுத்துவைப்பது ஒரு பொது நியதி: "பிழைத்தது பொறுத்தல் என்றும் பெரியவர் கடனே." பிழை இல்லை என்று அவள் வாதாடவில்லை. பெரியவர்களுக்கு ஒரு கடமை இருக்கிறது என்று நினைவூட்டுகிறாள். சாபத்துக்கு முடிவு கிடைப்பது இந்த ஒரு வரிக்காக.

இந்திரனுக்கு என்ன தண்டனை?

வால்மீகியில் ஆண்மையை இழக்கிறான். பிறகு ஆட்டின் விதைகள் பொருத்தப்படுகின்றன. கம்பனில் உடம்பெங்கும் ஆயிரம் பெண்குறிகள் தோன்றுகின்றன. தேவர்கள் சென்று வேண்டிக்கொள்ள, அவை ஆயிரம் கண்களாக மாறுகின்றன. அவமானத்தின் அடையாளம் 'ஆயிரங்கண்ணான்' என்ற பட்டமாகிவிட்டது. அகலிகைக்காக வேண்டிக்கொள்ள எவரும் வரவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

திருக்குறள் 25இல் "இந்திரனே சாலும் கரி" என்று வருகிறது. ஐம்புலன் அடக்கியவனின் ஆற்றலுக்கு இந்திரனே சாட்சி. அவன் எப்படிச் சாட்சி? தான் புலனடக்காமல் சாபம் பெற்று, அடக்கியவரின் வலிமையைக் காட்டினான் என்று பரிமேலழகர் விளக்குகிறார். அந்த உரையில் இந்திரன் ஒரு பாடம் ஆகிவிடுகிறான். அகலிகையைப் பற்றிய பேச்சே அங்கு எழவில்லை.

புதுமைப்பித்தன் ஏன் இதை இரண்டு முறை எழுதினார்?

சொ. விருத்தாசலம் என்ற புதுமைப்பித்தன் (1906–1948) முதலில் எழுதிய 'அகல்யை'யில் சாபமே கிடையாது. உண்மை தெரிந்ததும் கௌதமன் கொதிக்கிறான், பிறகு தணிகிறான். மனத்தூய்மையில்தான் கற்பு, சந்தர்ப்பத்தால் உடல் களங்கப்பட்டால் அபலை என்ன செய்ய முடியும் என்ற முடிவுக்கு வந்து அவளை ஏற்கிறான். அழகான, நேரான கதை. இருபதுகளின் கடைசியில் இருந்த ஒரு எழுத்தாளர், பழைய கதைக்குச் சரியான தீர்ப்பை எழுதிவிட்ட திருப்தி அதில் தெரிகிறது.

ஒன்பது ஆண்டுகள் கழித்து அதே கதைக்குத் திரும்புகிறார். இந்த முறை தீர்ப்புக்குப் பிறகான வாழ்க்கையை எழுதுகிறார். 'சாப விமோசனம்' தொடங்குவதே வழக்கமான கதை முடிகிற இடத்தில். கல் பெண்ணாகிறது, புற்று மூடிக் கிடந்த கோதமன் (கௌதமர்தான்) எழுகிறான், கணவன் மனைவியை ஏற்கிறான். நெஞ்சினால் பிழைப்பில்லாதவள் என்று எல்லாருக்கும் தெரியும். சரி, மறுநாள் காலை எப்படி விடியும்?

விடிவது நன்றாக இல்லை. பேசும் ஒவ்வொரு சொல்லையும் அகலிகை ஆயிரம் தடவை எண்ணிப் பார்க்கிறாள். கணவன் சாதாரணமாகச் சொல்வதிலும் உள்ளர்த்தம் இருக்குமோ என்று பதைக்கிறாள். "சாப விமோசனம் கண்டாலும் பாப விமோசனம் கிடையாதா?" என்ற கேள்வி அவளை அரிக்கிறது. சாபம் கொடுத்தவன் எடுத்துவிட்டான். ஊரும் மனமும் எடுக்கவில்லை. முதல் கதை சரி என்று நம்பிய தீர்ப்பை இரண்டாம் கதை சோதித்துப் பார்க்கிறது. தன் பழைய பதிலை இவ்வளவு கடுமையாக மறுபடி விசாரித்த எழுத்தாளர்கள் குறைவு.

'சாப விமோசன'த்தில் எந்த இடத்தை மிகக் கவனமாகப் படிக்க வேண்டும்?

வனவாசம் முடிந்து இராமனும் சீதையும் வந்து பார்க்கும் இடம். ஆண்கள் வெளியே இருக்க, சீதை இலங்கையில் நடந்ததைச் சொல்கிறாள், தீக்குளித்ததையும் சொல்கிறாள். பின்வரும் உரையாடலில் ஒரே ஒரு எழுத்தைப் பாருங்கள்.

"அவர் கேட்டாரா?" என்கிறாள் அகலிகை. "அவர் கேட்டார், நான் செய்தேன்" என்று அமைதியாகச் சொல்கிறாள் சீதை. உடனே அகலிகை கத்துகிறாள்: "அவன் கேட்டானா?"

அவர் என்பது அவன் ஆகிவிட்டது. தன்னை மீட்ட தெய்வத்தை அகலிகை 'ர்' விகுதியிலிருந்து இறக்கிவிட்டாள். அவள் மனத்தில் கண்ணகி வெறி தாண்டவமாடியது என்று ஆசிரியர் எழுதுகிறார். ஒரு பண்பாடு தன் மரியாதையை எங்கே வைத்திருக்கிறதோ அங்கேயே கை வைக்கிறார். தமிழில் அது வினைமுற்றின் கடைசி எழுத்து. பக்கம் பக்கமாக வாதம் எழுதினாலும் இந்த விகுதி மாற்றம் செய்கிற வேலையைச் செய்யாது.

கோபத்தின் காரணமும் துல்லியமானது. நெஞ்சம்தான் அளவுகோல் என்று சொல்லித்தான் அகலிகைக்கு விடுதலை கிடைத்தது. அந்த அளவுகோலின் அடையாளமாக நின்றவன் தன் மனைவியிடம் வரும்போது ஊருக்குக் காட்ட நெருப்பைக் கேட்டிருக்கிறான். அவள் நம்பிய நியாயம் அவளுக்கு மட்டும் வழங்கிய சலுகையாகச் சுருங்கிப்போகிறது. மீட்சிப் படலத்தை முன்பே படிக்கச் சொன்னது இதற்காகத்தான்.

உலகத்துக்கு நிரூபிக்க வேண்டாமா என்று சீதை மெல்லச் சிரிக்கிறாள். அகலிகை பேச்சின் முடிவில் கேட்பது இரண்டே சொல்: "உலகம் எது?" வாசகர் வட்டங்களில் இந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். போகாதீர்கள். உலகம் என்ன சொல்லும் என்று பேசுகிறவர்கள் யாரும் அந்த உலகத்தை விரல் நீட்டிக் காட்டியதில்லை. காட்டச் சொல்லிக் கேட்கிறாள்.

கோதமன் நல்லவன்தானே? பிறகு ஏன் அவள் மறுபடி கல்லாகிறாள்?

இதுதான் அதிகம் கேட்கப்படும் கேள்வி. அவன் நல்லவன்தான். தர்மத்தின் வேலிகள் மனமறிந்து செய்பவர்களுக்கே, அறியாமல் நேர்ந்த வழு பாவம் ஆகாது என்று உண்மையிலேயே நம்புகிறான். தான் கொடுத்த சாபத்துக்காகக் குமைகிறான். கடைசியில், ஒரு குழந்தை பிறந்தால் அவள் மனச்சுமை இறங்கும் என்று நினைத்து அவளைத் தழுவுகிறான். அவளுக்கோ அது கோதமன் உருவில் வந்த இந்திரன் நாடகமாகப் படுகிறது. நெஞ்சு கல்லாய் இறுகுகிறது. அகலிகை மீண்டும் கல்லாகிறாள். கோதமன் துறவியாகிக் கைலைப் பக்கம் நடக்கிறான்.

கோதமனை வில்லனாக்கும் வாசிப்பு கதையைக் கெடுத்துவிடும். அவன் கெட்டவன் என்றால் தீர்வு எளிது, நல்ல கணவன் கிடைத்தால் போதும் என்றாகிவிடும். நல்லவன் இருந்தும் தீரவில்லை என்பதே கதையின் பாரம். இந்திரன் எடுத்துக்கொண்டு போனது கணவனின் முகத்தின் மீது அவளுக்கு இருந்த நம்பிக்கையை. அதை மன்னிப்பு திருப்பித் தராது. முதல் முறை கல்லானது தண்டனை. இரண்டாம் முறை அதுவே அவளுக்குப் புகலிடம்.

'கற்பு' என்ற சொல்லை எப்படிப் புரிந்துகொள்வது?

ஒரே பொருளில் எடுத்துக்கொள்ளாமல், எந்தக் காலத்துச் சொல் என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்ளுங்கள். தொல்காப்பியத்தில் "கற்பு எனப்படுவது கரணமொடு புணர" என்று வருகிறது. அங்கே அது களவுக்கு, அதாவது மணத்துக்கு முந்தைய மறைவான காதலுக்கு, எதிர்ப்பக்கம். சடங்கோடு கூடிய மண வாழ்க்கையின் பெயர். திருக்குறள் "கற்பென்னும் திண்மை" என்னும்போது மன உறுதி. பிற்காலத்தில் உடல் சார்ந்த, பெண்ணுக்கு மட்டுமான விதியாக அது இறுகிப்போனது.

இருபதாம் நூற்றாண்டில் இதை இரண்டு பக்கமிருந்து தட்டினார்கள். "கற்பு நிலையென்று சொல்ல வந்தார், இரு கட்சிக்கும் அஃது பொதுவில் வைப்போம்" என்று பாரதி விழுமியத்தை வைத்துக்கொண்டு ஆணுக்கும் பொதுவாக்கினார். பெரியார் 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலில் அந்தச் சொல் பெண்ணை மட்டுமே குறிவைத்துப் புழங்குவதைக் காட்டி, அந்தக் கட்டாயத்தையே மறுத்தார். 'சாப விமோசனம்' இந்த விவாதம் சூடாக இருந்த காலத்தில் வந்த கதை.

பெரியார் நேரடியாகச் சொல்லிவிட்டார். பிறகு கதை எதற்கு?

கட்டுரை உங்கள் கருத்தோடு பேசும். ஒப்புக்கொள்ளலாம், மறுக்கலாம். ஒப்புக்கொண்ட பின்னும் உள்ளே என்னென்ன மிச்சம் இருக்கும் என்பதைக் காட்ட ஒரு ஆளும் ஒரு வீடும் வேண்டும். கோதமன் முற்போக்கான கருத்துக்கு வந்துவிட்டவன். அவன் வீட்டில் சூரியன் உதிக்கவில்லை. சமூகத்தை அசைக்கக் கட்டுரை வேண்டும், அதில் சந்தேகமில்லை. அசைந்த பின்னும் மனிதர்கள் ஏன் அங்கேயே நிற்கிறார்கள் என்று அறியக் கதை வேண்டும்.

கம்பன் பிற்போக்கு, புதுமைப்பித்தன் முற்போக்கு என்று எழுதலாமா?

வேண்டாம். அறிந்தே இசைந்தவள் என்ற வால்மீகியின் பாத்திரத்துக்குக் கம்பன் ஒரு மன ஊசலாட்டத்தைக் கொடுத்தார். நெஞ்சத்தை அளவுகோலாக்கியவரும் அவர்தான். புதுமைப்பித்தனின் முதல் கதை கம்பனின் அந்த ஒரு வரியிலிருந்து முளைத்தது என்றே சொல்லலாம். இரண்டாம் கதை அந்த வரியின் எல்லையைத் தேடிப் போகிறது.

கம்பன் செய்யுள் புரியவில்லை. என்ன செய்வது?

பதம் பிரித்த பதிப்பை எடுங்கள். உரையை மூடி வையுங்கள். செய்யுளை இரண்டு முறை வாய்விட்டுப் படியுங்கள். பிறகு வினைமுற்றுகளை மட்டும் வட்டமிடுங்கள். மேலே காட்டிய பகுதியில் உணர்ந்தனள், ஓராள், தாழ்ந்தனள் என்று மூன்று வினைகள் கிடைக்கும். ஓராள் என்றால் எண்ணிப் பார்க்காதவள், எதிர்மறை. தாழ்ந்தனள் என்றால் இணங்கிக் கிடந்தாள். யார் என்ன செய்தார்கள் என்பது இதிலேயே தெரிந்துவிடும். அதன் பிறகு உரையைத் திறந்து, விட்டுப்போனதை நிரப்புங்கள். முதலிலேயே உரையைப் படித்தால் உரையாசிரியரின் சமாதானம்தான் மனத்தில் தங்கும், கம்பனின் முரண் தெரியாது.

சொற்பொருளுக்கு மட்டும் ஒரு நல்ல அகராதி போதும்.

தனியாகப் படிக்கிறேன். எப்படிக் குறிப்பு எடுப்பது?

ஒரு முழுத் தாளை அகலவாக்கில் வைத்து ஐந்து பத்தி போடுங்கள்: அவளுக்கு எப்போது தெரிந்தது, தண்டனை, மன்னிப்பவர், அவள் பேசும் வாக்கியங்களின் எண்ணிக்கை, கதை முடியும் இடம். நான்கு பாடங்களுக்கு நான்கு வரி. நான்காம் பத்தியை நிரப்பும்போதுதான் பலருக்குத் திகைப்பு வரும். அவளைப் பற்றிய கதையில் அவள் எத்தனை குறைவாகப் பேசுகிறாள், கடைசிக் கதையில் அது எப்படி மாறுகிறது என்பதை எண்ணிப் பார்த்தால்தான் உறைக்கும்.

இரண்டாம் வாசிப்பில் கேள்விக்குறியோடு முடியும் வாக்கியங்களை மட்டும் எழுதி, பக்கத்தில் பதில் கிடைத்ததா என்று குறியுங்கள். பதில் வராத கேள்விகளே உங்கள் கட்டுரைக்குக் கரு.

வாசகர் வட்டத்தில் இதை எடுக்க எத்தனை அமர்வு, எத்தனை பேர்?

எட்டு முதல் பன்னிரண்டு பேர் வரை சரியாக வரும். பதினைந்தைத் தாண்டினால் நான்கைந்து பேர் மட்டும் பேசுவார்கள். இரண்டு மணி நேரம் வீதம் இரண்டு அமர்வு வையுங்கள். முதலாவதில் வால்மீகியும் கம்பனும். இரண்டாவதில் இரண்டு சிறுகதைகள். நடுவே இரண்டு வாரம் இருக்கட்டும். கம்பனின் பாடல்களில் ஐந்தாறை மட்டும் பெரிய எழுத்தில் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுங்கள். கைபேசித் திரையில் செய்யுளைப் படித்தால் அடிக்கோடிட முடியாது, கண் வேறு வாட்ஸ்அப்புக்குப் போய்விடும்.

இரண்டாம் அமர்வில் சீதை–அகலிகை உரையாடலை இருவர் வாய்விட்டுப் படிக்கட்டும். படித்து முடித்ததும் மூன்று நிமிடம் யாரும் பேச வேண்டாம்; அவரவர் ஒரு வரி எழுதட்டும். பிறகு வரிசையாக ஒவ்வொருவரும் தாம் எழுதியதை மட்டும் சொல்ல வேண்டும். குரல் ஓங்கியவர் முதலில் பேசிவிட்டால் மீதிப் பேர் அவர் கருத்துக்கு ஆதரவு, எதிர்ப்பு என்று பிரிந்துவிடுவார்கள். எழுதி வைத்தால் அந்த ஆபத்து பாதி குறையும்.

அமர்வு எங்கே தடம் புரளும்?

மூன்று இடங்களில்.

முதலாவது, வழக்கு விசாரணை. குற்றவாளி அகலிகையா இந்திரனா கௌதமனா என்று கை தூக்கச் சொல்வது. கலகலப்பாக இருக்கும், அரை மணி நேரம் போன பின் பிரதியில் ஒரு வரியும் புதிதாகத் தெரிந்திருக்காது. "எந்த வரியை வைத்துச் சொல்கிறீர்கள்?" என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள்.

இரண்டாவது, நாளிதழ்ச் செய்தி. கதையில் உள்ளது வல்லுறவு பற்றிய, வஞ்சனை பற்றிய அனுபவம். அண்மையில் நடந்த சம்பவத்துக்குப் பேச்சு தாவும். தாவுவது இயல்புதான், பத்து நிமிடத்தில் திரும்பிவிட வேண்டும். அறையில் இத்தகைய காயத்தோடு ஒருவர் அமர்ந்திருக்கலாம். என்ன கதை என்பதை அழைப்பிலேயே சொல்லிவிடுங்கள். எழுந்து போகிறவரைக் காரணம் கேட்காதீர்கள். யாரையும் சொந்த அனுபவம் சொல்லும்படி தூண்டாதீர்கள்.

மூன்றாவது, நீதி பிழிதல். "ஆகவே இக்கதை நமக்கு உணர்த்துவது…" என்று ஒருவர் தொடங்கினால் மற்றவர்கள் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார்கள். பதில் இல்லாத ஒரு கேள்வியோடு கலைந்தால் அடுத்த கூட்டத்துக்கு ஆட்கள் வருவார்கள்.

இராமனை விமரிசிக்கும் கதை. பக்தர்கள் மனம் புண்படாதா?

சிலருக்குக் கசப்பாக இருக்கும். ராமாயணப் பரிச்சயம் உள்ளவர்களுக்கு இந்தக் கதை பிடிபடாமல், பிடிக்காமல்கூட இருக்கலாம் என்று ஆசிரியரே தலைப்புக்கடியில் எழுதிவிட்டார். அமர்வில் செய்யக்கூடியது ஒன்று: எது கம்பன் சொன்னது, எது புதுமைப்பித்தனின் பாத்திரம் சொன்னது என்று ஒவ்வொரு முறையும் பெயர் சொல்லிப் பேசுங்கள். சீதையை நெருப்பில் இறங்கவிட்ட இடத்தில் கம்பனின் இராமன் சொல்லும் கடுஞ்சொற்களைப் படித்தவர்களுக்கு, அந்த உறுத்தல் 1943இல் புதிதாக வந்ததன்று என்பது தெரியும். பக்தியோடு படிப்பவர் அந்த இடத்தில் எப்படித் தாங்கிக்கொள்கிறார் என்று அவரையே கேளுங்கள். நல்ல பதில்கள் அங்கிருந்தும் வரும்.

மாணவர் கட்டுரைகளில் அடிக்கடி காணும் பிழைகள்?

'அகல்யை', 'சாப விமோசனம்' இரண்டையும் ஒரே கதையாகக் குழப்புவது முதல் பிழை. முதலாவதில் கல்லே கிடையாது என்பதை நினைவில் வையுங்கள். வால்மீகியிலும் கல்லானாள் என்று எழுதுவது அடுத்தது. அகலிகை பேசும் வரியை ஆசிரியரின் கருத்தாக மேற்கோள் காட்டுவது மூன்றாவது. அதே கதையில் சீதையின் சிரிப்புக்கும் சம எடை இருக்கிறது. 'பெண்ணியப் பார்வை' என்ற தலைப்பை வைத்துவிட்டு விகுதி மாற்றத்தைக் கவனிக்காமல் போன கட்டுரைகளும் உண்டு. ஐந்து பக்கக் கட்டுரை என்றால் கதைச்சுருக்கத்துக்கு அரைப் பக்கத்துக்கு மேல் கொடுக்காதீர்கள்.

எந்த வயதினருக்கு இதைக் கொடுக்கலாம்?

பரிபாடல் ஓவியக் காட்சியைப் பள்ளிப் பிள்ளைகளுக்கே காட்டலாம். பூனையாக ஓடும் இந்திரனை அவர்கள் மறக்க மாட்டார்கள். கம்பனின் படலம் மேல்நிலை வகுப்புக்கு, ஆசிரியர் உடன் இருந்தால் சரி. 'சாப விமோசனம்' கல்லூரி முதலாண்டிலிருந்து. பத்து ஆண்டு கழித்து, குடும்பம் என்று ஒன்று ஆன பிறகு, மறுபடியும் எடுத்துப் படியுங்கள். முதல் வாசிப்பில் சீதையோடு பேசும் அகலிகைதான் நிற்பாள். அடுத்த வாசிப்பில், என்ன சொன்னாலும் எட்டாத மனைவியின் எதிரே உட்கார்ந்திருக்கும் கோதமனும் தெரிவான்.